கிழவிக்கு ஏற்ற பிளக்

ஓடாத காரை இழுத்துப்போக வந்த பழைய இரும்பு வாங்குபவர் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டபடி கேட் அருகே நிற்கிறார். ஐம்பது வயதுக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் அக்காவுக்கு அந்தக் கயிறு கண்ணை உறுத்துகிறது. தம்பி ஆசையாக வாங்கி மாட்டிய ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். நுனி முழுக்கக் கரி. "ரேஸ் வண்டிக்குப் போடுறது அக்கா, இதைவிட உசத்தி கிடையாது," என்கிறான் தம்பி. "அதான்டா வினை. நம்ம கிழவி ஆடி அசைஞ்சு போறவ. கரியை எரிக்கிற அளவுக்கு இது சூடே ஏறாது." தகர டப்பாவைத் துழாவிச் சாதாரண பிளக் நான்கைப் பொறுக்குகிறாள். ஒவ்வொன்றின் இடைவெளியிலும் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்கிறாள். தகடு லேசாக உரசினால்தான் அவளுக்குத் திருப்தி. மாட்டி, ஒயர்களைச் செருகி, உள்ளே ஏறிச் சாவியைத் திருப்புகிறாள். வண்டி இருமுகிறது. மறுபடியும் இருமுகிறது. மூன்றாம் திருப்பலில் இன்ஜின் உறுமி ஷெட்டே அதிர, டப்பாவில் கிடக்கும் நட்டுகள் கலகலக்கின்றன. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவள் கியரைப் போடுகிறாள். இரும்புக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கேட்டின் இரண்டு கதவுகளையும் தானே அகலத் திறந்துவிடுகிறார்.