புங்கமரத்தடியில் நின்றவள்

மின்விசிறி நின்றதும் வகுப்பும் பேச்சை நிறுத்தியது.

கடத்தூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நிர்மலாதேவி கரும்பலகையில் பாதியில் விட்ட கணக்கைத் தொடர்ந்தாள். எண்களை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா மழைதான். கணக்கப் பாருங்க."

பிள்ளைகள் கணக்கைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள்.

போன மழைக்காலத்தில் புயல் வந்து ஏரி உடைந்தபோது, பழைய பள்ளிக்கூடத்தின் பக்கச்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் இல்லை. மறுநாள் முதலில் போய்ப் பார்த்தவள் நிர்மலாதேவிதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் இடம் கல்லுக்கும் சேற்றுக்கும் அடியில் கிடந்தது.

கோடை விடுமுறை வரை சமுதாயக்கூடத்தில் பாடம் நடந்தது. இந்த ஜூனில்தான் புதுக் கட்டடம் திறந்தார்கள்.

திறந்தும் பிள்ளைகள் வரவில்லை.

நிர்மலாதேவி வீடு வீடாகப் போனாள். அடியிலிருந்தே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டார், நான் இருக்கிறேன், பயப்பட ஒன்றுமே இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அவள் சொன்னதால்தான் அனுப்பினார்கள்.

ஹாஜிராவும் அனுப்பினாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மகள் சமரீனை உள்ளே விட்டுவிட்டு, பள்ளி விடும்வரை கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். புயலில் அவள் வீட்டுப் பின்சுவரும் போயிருந்தது. மேகம் கூடினால் பள்ளிச் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள்.

பயத்தை நீங்களே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள் என்று நிர்மலாதேவியும் ஒருமுறை கொஞ்சம் கடுமையாகவே சொல்லிப் பார்த்தாள். ஹாஜிரா மறுநாளும் வந்து நின்றாள்.

காற்று எழுந்தது. ஜன்னல் கதவு ஒன்று படாரென்று அடித்து மூடியது. சமரீன் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று நிர்மலாதேவி பலமுறை யோசித்து வைத்திருந்தாள். குரலை உயர்த்தக் கூடாது. சின்னப் பிள்ளைகளை நடுவில் உட்கார வைக்க வேண்டும். ஏதாவது பாட வைக்க வேண்டும். கடைசிப் பிள்ளை வெளியேறும்வரை தான் கதவருகே நிற்க வேண்டும்.

இடி விழுந்தது. சுவர் அதிர்ந்தது.

மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

எதிரே, நன்றாகத் தள்ளி, பள்ளிக்கூடம் இருந்தது.

அவள் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கதவைத் தாண்டியதோ படியிறங்கியதோ நினைவில் இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே ஹாஜிரா இருந்தாள். எப்போது தன்னைக் கடந்து உள்ளே போனாள் என்று நிர்மலாதேவிக்குத் தெரியவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை. முந்தானையைப் பிடித்தபடி இன்னும் சிலர்.

நிர்மலாதேவியால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இனி எந்த வாசலில் போய் என்ன சொல்வது?

இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு ஹாஜிரா மழைக்குள் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நிர்மலாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹாஜிரா அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி சில்லிட்டு நடுங்கியது.

"உள்ள வாங்க டீச்சர், புள்ளைங்க பாக்கறாங்க. பயமே இல்லைன்னு நீங்க சொல்லச் சொல்ல, ஊருல எனக்கு மட்டுந்தான் பைத்தியம் புடிச்சிருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேங்க."