பட்டை குறித்த நாள்

பள்ளிக்கூடத்தில் கையில் கட்டிவிட்ட சுகாதாரப் பட்டை அவள் உடம்பைக் கணித்துச் சொன்ன தேதி கடந்துபோயும் செவ்வந்தி பெரிய மனுஷியாகவில்லை.

பட்டை பொய் சொல்லாது என்று அம்மா முன்கூட்டியே மண்டபம் பிடித்திருந்தாள். சீர் செய்ய மாமா துபாயிலிருந்து வந்து இறங்கிவிட்டார். தெருமுனையில் செவ்வந்தி படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர்கூட ஏறிவிட்டது.

அவள் குளியலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வீடே அவள் முகத்தைப் பார்த்தது.

"என்னடி, ஏதாச்சும்?"

"இல்லம்மா."

"ஞாயித்துக்கிழமையோட எனக்கு லீவு முடியுதுக்கா," என்றார் மாமா, செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல். "டாக்டரம்மாகிட்ட ஒரு ஊசி கேட்டுப் பாரேன்."

ஊசி என்றதும் செவ்வந்தி எழுந்துவிட்டாள். மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு வெளியே வந்து, "வந்திருச்சும்மா" என்றாள்.

அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாமா மேளக்காரருக்குப் போன் போட்டார். அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பட்டு உடுத்திவிட்டார்கள்; மண்டபம் நிறைய ஆட்கள் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கணக்கு வகுப்பில், அது நிஜமாகவே வந்தது. புத்தகப் பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"அம்மா, ரத்தமா வருது. பயமா இருக்கு."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"இதென்னடி, உனக்குப் புதுசா?"