நீலத்துக்குக் கீழே ஒரு கிளை

வண்ணமீன் கடையில் வரிசையாகத் தொங்கும் எல்இடி விளக்குகளுக்குக் கீழே நிற்கிறார் மேடை விளக்குக்காரர். ஆயுள் முழுக்க நாடகங்களுக்கு ஒளி பாய்ச்சியவர். அவர் சுவிட்சைத் தட்டினால் பக்கத்து ஊர்ச் சேவல் பதறியடித்துக் கூவும். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்ததும், அவள் உயிருள்ள பவளங்களை வளர்த்த தொட்டிக்கும் அப்படியொரு சூரியனை வாங்கி மாட்டி, முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிட்டார். அந்தச் சூடு வெளிச்சம் தாங்காமல் பவளங்கள் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டன. மனைவிக்கு இனி வைத்தியமில்லை என்று இன்று சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தொட்டிக்கு எதிரேதான் கட்டிலைப் போடச் சொல்லியிருக்கிறாள்.

“அவ கண்ணுக்குப் பழைய நிறம் தெரியணும்மா. அப்படி ஒரு விளக்கு குடு.”

“பவளத்துக்கு உயிர் இருந்தா நீல வெளிச்சத்துல மின்னும் ஐயா. செத்துப்போச்சுன்னா எந்த விளக்குக்கும் மசியாது,” என்கிறாள் கடைக்காரப் பெண்.

“பல்லு போன கிழவனையே ராஜகுமாரனா காட்டினவன் நான். போடும்மா!”

அவர் கொண்டுவந்த டப்பாத் தண்ணீருக்குள் வெள்ளையாய் ஒரு பவளக் கிளை கிடக்கிறது. அவள் ஒவ்வொரு விளக்காக மாற்றி, கடைசியில் நீலத்தைப் போடுகிறாள். மோட்டார்கள் முனகுகின்றன. பக்கத்துத் தொட்டியின் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தகதகக்கின்றன. அவருடைய வெள்ளைச் சட்டை ஒளிர்கிறது, பொத்தான்கூட ஒளிர்கிறது. டப்பாவுக்குள் மட்டும் இருட்டு. நடிகர்களைத் திருப்பி நிறுத்துவதுபோல டப்பாவை மெல்லத் திருப்புகிறார்.

“கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா தாயி,” என்கிறார், கிளையிடம்.