நாலாவது மியூசியம்

“மூணு நாளைக்கு இந்த ஒரு பாஸ் போதுமாம். பஸ்ஸு, டிராம், ஆறு மியூசியம், எதுக்கும் தனியா டிக்கெட் எடுக்காண்டாம். பாத்தியளா?”

பூங்கனி செல்போனைக் கணவர் தங்கப்பனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் சபிதா பாஸையும் மியூசியப் படங்களையும் அனுப்பியிருந்தாள். மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் விமானம். பூதப்பாண்டிப் பக்கம் வயலும் வாழையுமாக அறுபது வருஷத்தைக் கழித்த மனிதருக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

தங்கப்பன் மியூசியப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதலில் பழைய கார்கள். அடுத்தது ஓவியங்கள். மூன்றாவதில் ஏதோ ராட்சத எலும்புக்கூடு. நாலாவது படத்தில் விரல் நின்றது.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒன்றரை அடி உயர ஐம்பொன் அம்மன். இடது காதில் மட்டும் குழை. வலது கைச் சுண்டுவிரல் பாதி இல்லை.

அவர்களுடைய குடும்பக் கோயில் அம்மன்தான். அவருக்குத் தெரியாதா? விற்றதே அவர்தானே!

இருபது வருஷத்துக்கு முன்னால், ஆறு வயது சபிதாவின் இதயத்தில் ஓட்டை, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட நேரம். கோயில் சாவி, அந்தப் பக்கத்துப் பேச்சில் தாக்கோல், மூத்தவர் என்பதால் தங்கப்பனிடம் இருந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் அவரைத் தேடி வந்தான். அச்சு அசலாக ஒரு போலியைச் செய்து வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோனான். பிள்ளை பிழைத்தாள்.

தம்பிகளுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. பூங்கனிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அப்புறம் அவள் தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்பதுதான் அவருடைய பெரிய பயம். போலீஸ், ஜெயில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். கோயில் கொடை விழாவுக்கு முந்தின நாள் மூத்த மருமகள்தான் அம்மனைப் புளி போட்டுத் துலக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷமே பூங்கனி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மனின் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்கு அத்துப்படி. செல்போன் படத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது; நேரில் கண்ணாடிக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?”

“ஒண்ணுமில்லட்டி. நமக்கு மியூசியம் எல்லாம் எதுக்கு? பிள்ளையப் பாத்தா போராதா?”

“பாஸ் எடுத்தாச்சுல்லா? பாத்தா என்ன?”

“எனக்க முட்டு வலிய வச்சுக்கிட்டு ஆறையும் ஏறி இறங்க முடியுமா? வேணும்னா அந்தக் காரு மியூசியத்தப் பாப்போம். நாலாவது வேண்டாம்.”

“அது என்ன நாலாவது மட்டும்?”

தங்கப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அங்கன… ரொம்பக் குளிராம்.”

“மூணாவதுல மட்டும் வெயில் அடிக்காக்கும்!” என்றபடி பூங்கனி பெட்டி கட்டப் போனாள்.

அவர் கிணற்றடிக்கு நழுவி மகளைக் கூப்பிட்டார். மாலை வெயில் தணிந்துவிட்டது. ஆனாலும் சட்டை நனைந்திருந்தது.

“மக்கா, அந்த நாலாவது மியூசியத்த விட்டுருவோம், கேட்டியா?”

“அய்யோ, அது முடியாதுப்பா! அங்க போறதுக்குத்தான் பாஸே எடுத்தேன்.”

“அங்க என்னட்டி இருக்கு?”

“இப்ப கேக்காதீங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு.”

“ஆருக்க உத்தரவு?”

“டூட்டிக்கு நேரமாச்சுப்பா, வச்சிடுறேன்.”

யார் போட்ட உத்தரவு? போலீஸா? அந்தக் கூண்டுக்கு முன்னால் காத்து நிற்கிறார்களா? தன்னைப் பிடிக்கப் பெற்ற மகளையே ஏவிவிட்டிருக்கிறார்களா? இருபது வருஷமாக ஒவ்வொரு கொடையன்றும் பயந்து பயந்து செத்தவர், இனி தப்பவே வழியில்லை என்று நினைத்தார்.

ஒரு வழி இருந்தது. உள்ளே போய்த் தன் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்தார்.

“பாஸ்போர்ட்ட அரிசிக்குள்ள வச்சா பழுக்குமா?”

பின்னால் பூங்கனி நின்றிருந்தாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு வய்யா பூங்கனி. பயமா இருக்கு. நீ தனியா போ. இல்ல, நீயும் போகாண்டாம்.”

அவள் பாஸ்போர்ட்டைத் தோண்டி எடுத்து, முந்தானையில் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சபிதாட்ட அந்த மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னும், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னது நாந்தான். போன வருசம் அவ அங்கன நின்னு எடுத்து அனுப்பின போட்டோவுல, அவளுக்குப் பின்னால நம்ம கோயில் அம்மை நின்னா.”

தங்கப்பன் கையில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டார்.

“இருபது வருசமா வேற எதையோ துலக்கிட்டு இருக்கேன்னு எனக்க கைக்குத் தெரியாதா? ஒரு தடவ நேர்ல போய், காலுல விழுந்து மன்னிப்பு கேக்கணும். நான் செத்தா அந்தப் பாவத்தோட போகக் கூடாது.”

“நீ எதுக்குட்டி கேக்கணும்? பாவம் செஞ்சது நானில்லா?”

பூங்கனி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆஸ்பத்திரியில வச்சு, பழைய சிலை கேட்டு வந்த அந்த வெளியூர்க்காரன்கிட்ட, தாக்கோல் உங்க கையிலதான் இருக்குன்னு சொல்லி, உங்களத் தேடி அனுப்பினதே நாந்தானே.”