தட்டக் கூடாத கதவு

பதினோரு கதவுகளைத் தட்டியாயிற்று. என் கண் பன்னிரண்டாவதிலேயே இருந்தது.

"இந்தத் தட்டுக்கு உள்ள இருக்கிற பூனைகூடத் திரும்பிப் பார்க்காது, சகோதரி" என்றாள் சோய்லா. அவள் தலைநகரத்திலிருந்து எங்கள் ஊரான சலமாவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சனிக்கிழமை ஊழியத்துக்கு எனக்கு ஜோடியாக அவளைப் போட்டிருந்தார்கள்.

நான் வேண்டுமென்றேதான் மெதுவாகத் தட்டினேன். திறந்தால் பேச வேண்டும். பேசினால் நேரம் போகும். எனக்கு ஏற்கெனவே கால் நிலைகொள்ளவில்லை.

விசுவாசி ஒவ்வொருவரும் சுவிசேஷம் சொல்லியாக வேண்டும், ஒரு வீட்டையும் விடக் கூடாது என்பார் எங்கள் போதகர். ஒட்டுத்தாள் ஒட்டிய வீடுகளை மட்டும் விட்டுவிடச் சொல்பவரும் அவரேதான். வீண் வம்பு எதற்கு என்பார்.

பன்னிரண்டாவது கதவில் ஒட்டுத்தாள் இருந்தது. மேலே மாதா படம். கீழே, 'இது கத்தோலிக்கர் வீடு. வேறு சபைக்காரர்கள் தட்ட வேண்டாம்.'

புத்தம் புதிது. பழையது வெயிலில் வெளுத்ததும் மாற்றியிருக்க வேண்டும்.

"இது வேணாம், வாங்க." சோய்லா அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

நான் நகரவில்லை. இந்தத் தெருவைக் கொடுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டு, இப்போதுதான் கிடைத்தது. அடுத்த மாதம் வேறு ஜோடிக்குப் போய்விடும். இன்று இந்தக் கதவு திறக்க வேண்டும், முகத்தில் அறையாமல் இருக்க வேண்டும். காலையிலிருந்து எனக்கு வேறு ஜெபமே இல்லை.

ஆண்டவருக்காகத் தட்டுகிறாயா, உனக்காகவா என்று உள்ளே ஒன்று குடைந்தது. பதில் தெரியும். அதனால்தான் குடைச்சல்.

உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன்.

ஒரு கிழவர் திறந்தார். கையில் பாதி தின்ற சோள ரொட்டி. என்னைப் பார்த்தார், பிறகு சோய்லாவை, பிறகு மறுபடியும் என்னை.

"படிக்கத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

கதவைப் பிடித்திருந்த கை இறுகியது. முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி, வந்த வேலையச் சொல்லுங்க, சகோதரி."

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். எத்தனையோ வீட்டில் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னதுதான். இங்கே சொன்னதையே இரண்டு தரம் சொன்னேன். அவர் ரொட்டியைக் கடிக்காமல் நின்று கேட்டார்.

கடைசியில் ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்காமல் எந்த வீட்டையும் விட்டு வரமாட்டோம். அவரிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

சோய்லா என்னை முழங்கையால் இடித்துப் பார்த்துவிட்டு, தானே கேட்டாள். "ஐயா, இன்னைக்கே உங்க உயிர் போச்சுன்னா எங்க போவீங்க?"

"எங்க போவேன்னு எங்க சாமியார் சொல்லியிருக்கார்மா. யாரு தூக்கிட்டுப் போவாங்கங்கிறதுதான் தெரியல."

சோய்லா என் பக்கம் திரும்பினாள்.

என் கையிலிருந்த கைப்பிரதியை வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இவங்க சொன்னது எனக்குச் சரியாப் பிடிபடல" என்று சோய்லாவிடம் சொன்னார். "அடுத்த சனிக்கிழமையும் வரட்டும். வேற யாரையும் அனுப்பாதீங்க. இவங்களே வரட்டும்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

சோய்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒட்டுத்தாள் வீட்டில் ஓர் ஆத்துமா! நோட்டைத் திறந்தவள், "அடடா, பேரு கேக்கலையே" என்று திரும்பப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பிதெலினோன்னு எழுதிக்கோ. வயசு எழுபத்தொண்ணு. வர்ற ஆகஸ்டுல எழுபத்திரண்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா."

பென்சில் நின்றுவிட்டது.

நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்த அன்று, மகள் என்று சொல்லிக்கொண்டு இந்த வாசலை மிதிக்க விடமாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் செய்தவர். ஒன்பது வருடமாக அதை மீறியதில்லை. இன்றைக்கும் மீறவில்லை.