அடிப்பக்கத்து வெள்ளை எழுத்து

கேபிளைப் பிடுங்கினான். மறுபடியும் செருகினான்.

விளக்கு எரியவில்லை.

முதல் வாயில் பச்சை விளக்கு சமர்த்தாக மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாய் கம்மென்று கிடந்தது.

போர்டு, போர்ட் என்று ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அதனால் சர்க்யூட் போர்டில் நெட்வொர்க் கேபிள் செருகும் இடமான போர்ட்டுக்கு அந்த அலுவலகத்தில் வாய் என்று பெயர். பெயர் வைத்தவள் அவன் மனைவி.

இந்த போர்டின் சர்க்யூட்டை வரைந்தவளும் அவள்தான். ஆறு வாரம். வாந்தி எடுத்துவிட்டு வந்து வந்து உட்கார்ந்து வரைந்தது. அதை ஓடவைக்கும் புரோகிராம் அவன் பொறுப்பு.

பால் குளிரூட்டும் நிலையங்களுக்கான போர்டு. ஒரு வாய் இயந்திரங்களோடு பேசும். இன்னொன்று தலைமை அலுவலகத்தோடு பேசவேண்டும்.

இரண்டும் பேசினால்தான் அவன் ஊருக்குக் கிளம்ப முடியும்.

நாளைக் காலை கோவில்பட்டியில், அவன் பெற்றோர் வீட்டில், அவளுக்கு வளைகாப்பு. அவள் முன்னாடியே அங்கே போய்விட்டாள். வளைகாப்பு முடிந்த கையோடு அவளை அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அவனுக்கு ரயில் இன்று சாயங்காலம். இப்போது மணி பன்னிரண்டு.

முதலாளி சென்னியப்பன் மூன்றாவது முறையாகக் கதவைத் தள்ளினார்.

"ஏனுங் தம்பி, ரெண்டாவது வாய் தொறந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"வூட்டுல ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறது?"

அவன் மறுபடியும் கேபிளைப் பிடுங்கினான். அவர் போய்விட்டார்.

கேட்க முடியாது. செவ்வாய்க்கிழமை அவசரக்குடுக்கைத்தனமாக ஒரு மெயில் போட்டிருந்தான். இரண்டாவது வாய் வேலை செய்யவில்லை, சர்க்யூட்டில் பிழை இருப்பதாகத் தெரிகிறது என்று. அலுவலகத்தில் எல்லோருக்கும். எல்லோருக்கும் என்றால் அவளுக்கும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் சர்க்யூட்டைக் குறை சொல்வார்கள். சர்க்யூட் வரைகிறவர்கள் புரோகிராமைக் குறை சொல்வார்கள். அந்தத் தொழிலில் அது அன்றாடம் நடப்பது. வீட்டில் இருவரும் அதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

ஊரைக் கூட்டிச் சொன்னதில்லை.

மூன்று நாளாக அவள் போனை எடுக்கவில்லை. அவன் அம்மாதான் எடுத்தாள். "அவ தூங்குதாடா" என்றாள். காலை பத்து மணிக்குத் தூங்கினாள். மத்தியானம் தூங்கினாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்திலும் தூங்கினாள்.

அவளில்லாமல் இங்கே வீடு நன்றாகவே இல்லை. ரசத்தில்கூட உப்பு சரியாக விழவில்லை.

கேபிளை மாற்றினான். மின்சாரத்தை அளந்தான். தன் வரிகளை நூறாவது முறையாகப் படித்தான். தப்பே இல்லை. முதல் வாய்க்கு எழுதி, ஓடி, நிரூபணமான அதே வரிகள்தானே. நகல் எடுத்து, பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று என்று போட்டிருந்தான்.

போன் முனகியது. செய்தி. மூன்று நாளில் அவளிடமிருந்து முதல் வரி. சென்னியப்பன்தான் கோவில்பட்டிக்குப் பேசியிருக்க வேண்டும்.

'போர்ட திருப்பிப் பாத்தீங்களா?'

பார்க்கவில்லை. அடிப்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? நான்கு திருகாணி போட்டு இறுக்கி மேசைமேல் நிறுத்தியிருந்தது. புரோகிராம்காரனுக்கு அங்கே என்ன வேலை?

திருகாணிகளைக் கழற்றினான். திருப்பினான். பூதக்கண்ணாடியை இழுத்தான்.

இரண்டாவது வாய்க்கு நேர் பின்னால், அரிசியைவிடச் சின்னதாக, வெள்ளை மையில், தமிழில் அச்சாகியிருந்தது.

'இந்த வாய்க்கு நம்பர் 4. 1 இல்ல. காப்பி அடிப்பீங்கன்னு தெரியும்.'

இரண்டு முறை படித்தான். அவளுடைய கையெழுத்தை அப்படியே அச்சாக்கியிருந்தாள். நான்கு மாதத்துக்கு முன்னால் வரைந்தது. வாந்திக்கு நடுவே.

ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் ஒரு சிப் இருக்கும். அதற்கென்று ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். மூன்று நாளாக இவன் ஒன்றே, ஒன்றே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்கு பேசாமல் உட்கார்ந்திருந்தது.

ஒன்றை அழித்தான். நான்கு போட்டான். புரோகிராமை ஏற்றினான்.

பச்சை.

சென்னியப்பனைக் கூப்பிடவில்லை. முதலில் மெயிலைத் திறந்தான். எல்லோருக்கும் எழுதினான்.

'சர்க்யூட்டில் பிழை இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பிழை என்னுடையது. நான் போர்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.'

அனுப்பியபோதுதான் கீழே இன்னொரு மெயில் கண்ணில் பட்டது. மொத்தமாக ஐந்நூறு போர்டு அடிக்கப்போகும் வெளிமாநிலத் தொழிற்சாலையிலிருந்து. திங்கட்கிழமையே வந்தது. மெயில் போடுவதில் அவன் சூரன். படிப்பதில் இல்லை.

அடிப்பக்கத்தில், இரண்டாவது வாய்க்குப் பின்னால், எங்களுக்குப் படிக்கத் தெரியாத ஏதோ எழுத்து இருக்கிறது. தவறுதலாக வந்ததா? அடிப்பதற்குமுன் நீக்கிவிடலாமா?

நீக்கச் சொன்னால் முடிந்தது. இருக்கட்டும் என்றால் ஐந்நூறு பால் நிலையங்களில் அவன் காப்பி அடித்த கதை அச்சில் இருக்கும். எத்தனை வருஷம் என்று யாருக்குத் தெரியும்.

'நீக்க வேண்டாம். ஐந்நூறிலும் இருக்கவேண்டும். தெளிவாக.'

அவளுக்கும் ஒரு நகல் போட்டான்.

பையில் சட்டையைத் திணித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா.

"எலேய், அவ முழிச்சிட்டாடா."