பிரிக்காத கவர்

"பிரிச்சா தெரிஞ்சிடும் சார். அதனாலதான் பிரிக்க வேணாங்கறேன்" என்றார் பூவராகன்.

கோவிலம்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலைக் கூட்டம். சங்கத் தலைவர் பூவராகன் நடுநாற்காலியில். வலப்பக்கம் பொருளாளர் சந்திரிகா. ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன், மேஜையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, தூணோரம். எதிரே செயலாளர் தினகரன். மேஜைமேல், போர்வெல் தண்ணீரைச் சோதித்த ஆய்வகத்திலிருந்து தலைவர் பெயருக்கு வந்த கவர்.

"மூணு வாரம் காத்திருந்து வந்திருக்கு. படிச்சிடலாம் சார்" என்றார் தினகரன்.

"உன்ன யாருப்பா சாம்பிள் எடுத்துகினு போவச் சொன்னது? நல்லா இருந்த தண்ணி!" என்றார் பூவராகன்.

"நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"இதுவரிக்கும் டெஸ்ட் பண்ணலியே! வேற இன்னா வேணும்?"

அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "நைட்ரேட், ஃப்ளோரைடுன்னு ஏதாவது எழுதியிருப்பான். முப்பத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தவன் சொல்றேன், தெரியாம குடிச்சா ஒண்ணும் பண்ணாது."

"கரெக்ட் சார்" என்றாள் சந்திரிகா. "என் பொண்ணுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தண்ணியை டெஸ்ட் பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னாரு. நான் டாக்டரை மாத்திட்டேன்."

பிறகு தினகரனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அண்ணா, உங்க ஃபிளாட்டை வாங்கறவரு இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாத்தான் அட்வான்ஸ்னு சொல்லிட்டாராமே? நாளைக்குக் கடைசி நாளாமே? மோசமா வந்தா முதல் அடி உங்களுக்குத்தான். பயமா இல்லையா?"

தினகரன் எழுந்து நின்றார்.

"உண்மையைப் பார்க்க என்னம்மா பயம்? என் வீடு விக்காமப் போனாலும் போகட்டும். இவ்வளவு படிச்சவங்க ஒரு கவரைப் பார்த்து நடுங்கறோமே, பசங்க பார்த்தா சிரிக்க மாட்டாங்க?"

பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மாதிரி ஆளுதான்யா நமக்கு வேணும்" என்று கைதட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். கையோடு கையாக ஓட்டெடுப்பும் நடந்தது. கவரைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதென்று மூன்றுக்கு ஒன்று என முடிவாயிற்று.

செயலாளர் என்பதால் கடிதமும் தினகரன் தலையில்தான் விழுந்தது.

'ஐயா, தங்கள் அறிக்கை கிடைக்கப்பெற்றோம். அதில் உள்ளதை அறியவேண்டிய அவசியம் எங்களுக்கு எழவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

பூவராகன் பக்கத்திலேயே நின்று பார்க்க, பிரிக்காத கவரையும் கடிதத்தையும் பெரிய உறையில் போட்டு, பசை தடவி, விளிம்பை இருமுறை அழுத்தி ஒட்டி, கூரியர்காரரிடம் கொடுத்தார். மேடவாக்கம் சாலையில் அந்த பைக் மறையும்வரை வாசலிலேயே நின்றார்.

மூன்று வாரத்துக்கு முன், போர்வெல் குழாயைத் திறக்கவே தைரியம் வராமல், கடையில் ஒரு மினரல் வாட்டர் பாட்டில் வாங்கி அதைத்தான் தினகரன் சாம்பிளாக ஊற்றிக் கொடுத்திருந்தார்.